அம்புக்குக் கட்டிய சுவர்

எங்கள் வீட்டில் மவுஸ் ஒன்றே ஒன்றுதான். அது மேசை நடுவில் இருக்கும். மவுசு மட்டும் முழுக்க முழுக்க என் மனைவி பொன்னாத்தாள் பக்கம் இருக்கும். இந்த நிலைமையை மாற்றியே தீருவது என்று போன மழைக்காலத்தில் ஒரு முடிவு எடுத்தேன். எடுத்திருக்க வேண்டாம். பேசாமல் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுப் போர்த்திப் படுத்திருந்தால், இன்று சாந்தன்பாறை பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்து ஊரே சிரித்துக்கொண்டிருக்காது.

என் பெயர் முனீஸ்வரன். கல்யாண ஆல்பம், காதுகுத்து பேனர், கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் வீட்டிலேயே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பவன். என் ஆட்கள் தென்காசிப் பக்கமிருந்து எஸ்டேட் வேலைக்காக இந்த மலையாள நாட்டுப் பக்கம் மலையேறி வந்தவர்கள். பொன்னாத்தாள் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறையிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு மலையேறியவள். எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை போய்விடும். அவள் ஊரில் நேர்மாறு. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' வந்தால் வீட்டில் எல்லாம் நலம். வார்த்தைக்கு ஒரு 'ங்க' வந்தால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவேன்.

எங்கள் மேசையில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு திரை. இடது திரையில் என் பேனர் வேலை. வலது திரையில் அவளுடைய புக்கிங் வேலை. மாடியில் இரண்டு அறை கட்டி, மலை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அவர்கள் அனுப்பும் செய்திகளுக்கு அவள் பதில் போடுவாள். கீபோர்டும் ஒன்றுதான். யாருக்கு வேண்டுமோ அவர் பக்கம் நகரும். இதில் சண்டையே வந்ததில்லை. நான் யோசிக்கிற நேரத்தில் அவள் தன் வேலையை முடித்துவிடுவாள். நான் நிறைய யோசிப்பவன்.

சண்டை அம்பில்தான் வந்தது. மவுஸை நகர்த்தினால் திரையில் நகருமே, அந்தச் சின்ன வெள்ளை அம்பு. அவள் பக்கம் இருக்கும் அம்பு, வேலை முடிந்ததும் அப்படியே எல்லை தாண்டி என் திரைக்குள் வரும். வந்து சும்மா போகாது. எழுத்துப் பிழையைத் திருத்தும். மாப்பிள்ளை படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கும். நான் அரும்பாடுபட்டு வைத்த மயில் கழுத்து நிறத்தை அழித்துவிட்டு வேறு நிறம் வைக்கும்.

“அக்கட்டால இருங்க, ஒரு நிமிசம்” என்பாள். அந்த ஒரு நிமிடத்தில் பேனர் அவளுடையதாகிவிடும்.

பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது அதில் லினக்ஸ் என்ற இலேசான மென்பொருள் போட்டேன். அதன் மேல் ஒரு விண்டோ மேனேஜரும் போட்டேன். அன்றே அவள் கேட்டாள்.

“என்னதுங்க அது?”

“விண்டோ மேனேஜர்.”

“ஜன்னலுக்கு மேனேஜருங்களா?”

“ஆமா. திரையில எந்த ஜன்னல் எங்கன இருக்கணும்னு அதுவே பாத்து அடுக்கிக்கிடும்.”

“மாடி ரூம்பு ஜன்னலுக்குக் கொக்கி இல்லைன்னு எத்தனை நாளாச் சொல்றனுங்க. அப்படியே அவருகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்க.”

இப்படிப்பட்டவளிடம்தான் நான் மோதினேன்.

மோதலுக்குக் காரணம் சுவக்கீன் அண்ணன். ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்ப்பவர், எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர். அவர் மகள் ஜெஸ்னாவுக்கு மறையூர் மாப்பிள்ளை அமைந்திருந்தது. பெயர் ஜின்சன். நல்ல பையன். ‘பையன்’ என்பதில்தான் சுவக்கீன் அண்ணன் மனைவி கத்தரீனாளுக்குக் கொஞ்சம் தயக்கம். மாப்பிள்ளைக்கு வயது சற்றுக் கூட, முன்தலையில் முடி சற்றுக் குறைச்சல். ஜெஸ்னாவே முன்வந்து “எனக்குப் புடிச்சிருக்கு” என்று சொன்ன பிறகுதான் சம்பந்தம் உறுதியானது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் இந்தத் தயக்கம் காதில் விழுந்து, அவர்களுக்கு அது ஒரு ஓரத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

கல்யாண பேனர் என் பொறுப்பு. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் ‘திருமன விழா’ என்று பெரிய எழுத்தில் போட்டேன். வலது பக்கமிருந்து அம்பு வந்தது. ‘ன’வை அழித்து ‘ண’ வைத்தது. போகிற போக்கில் என் மயில் கழுத்து நிறத்தையும் அழித்தது. திரும்பிப் போனது. 

சுவக்கீன் அண்ணன் நாற்காலியைத் தூக்கி அவள் பக்கம் போட்டுக்கொண்டார்.

“ஏம்மா, நான் உங்கிட்டயே சொல்லிருதேன். முனீசு, நீ ஒரு சாயா போடு.”

போட்டேன். அடுப்படியில் நின்று சாயா ஆற்றும்போதுதான் அந்த முடிவை எடுத்தேன். இந்த வீட்டில் எது வேண்டுமானாலும் அவள் சொல்படி நடக்கட்டும். என் திரைக்குள் மட்டும் இனி ஒரு அந்நிய அம்பு நுழையக் கூடாது.

மறுநாள் அவள் மாடியில் அறை கூட்டப் போனதும் காரியத்தில் இறங்கினேன். விண்டோ மேனேஜரில் அம்புக்கு என்னென்ன குணம் வேண்டுமோ எழுதி வைக்கலாம். நான் மூன்று குணம் வைத்தேன். அம்பு எந்தத் திரையில் நிற்கிறதோ, தட்டும் எழுத்து அங்கே போய் விழ வேண்டும், கிளிக் செய்யும் வேலையே வேண்டாம். இது ஒன்று. நான் மட்டும் அறிந்த மூன்று கீயை ஒரே நேரத்தில் அழுத்தினால் அம்பு ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குத் தானாகக் குதிக்க வேண்டும். இது இரண்டு. மவுஸால் தள்ளினால் மட்டும் அம்பு எல்லையிலேயே முட்டி நிற்க வேண்டும். அதாவது இரண்டு திரைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர்.

கட்டி முடித்துவிட்டுத் தள்ளிப் பார்த்தேன். முட்டியது. கைகட்டி நின்று அந்தச் சுவரை ரசித்தேன். சுவரே தெரியாதபோது எதை ரசித்தாய் என்று கேட்காதீர்கள்.

பொன்னாத்தாள் வந்து உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்தாள். தள்ளினாள். மறுபடி தள்ளினாள்.

“ஏனுங்க, அம்பு செவுத்துல முட்டற மாதிரி நிக்குதுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவர் என்ற வார்த்தையையே சொல்லிவிட்டாள்! உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். ‘ஆமாம், நான்தான் கட்டினேன்’ என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கலாம். நெஞ்சு நிமிரவில்லை.

“கேபிள் லூசாயிருக்கும்” என்றேன்.

“கேபிளுங்களா?”

“ஆமா. மழை ஈரம். அதான் இந்தப் பக்கம் வரமாட்டேங்குது.”

“செரிங்க.”

அவ்வளவுதான். ஒரே ஒரு ‘ங்க’. பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன். பயந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து என் திரையில் ஆட்சி என்னுடையது. மயில் கழுத்து நிறம் மயில் கழுத்து நிறமாகவே இருந்தது. ஆனால் ஒரு சின்னக் கஷ்டம் முளைத்தது. அம்பு என் திரையில் இருக்கும்போது அவள் திரையில் ஒன்றும் நடக்காது. அதை அனுப்பத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

“ஏனுங்க, அம்பை இக்கட்டால தாட்டி உடுங்க.”

மூன்று விரலால் அழுத்துவேன். அம்பு அவள் பக்கம் குதிக்கும். நான் ஒரு பூவை நகர்த்தலாம் என்று பார்ப்பேன், அம்பு இருக்காது. திரும்ப அழைப்பேன்.

“ஏனுங்க, மறுக்கா ஒருக்காத் தாட்டி உடுங்க.”

காலையிலிருந்து சாயங்காலம் வரை இதே வேலை. அக்கரைக்கும் இக்கரைக்கும் தோணி தள்ளுகிறவன் மாதிரி ஆகிப்போனேன். தோணிக்காரனுக்காவது கரையில் இறங்கி ஒரு பீடி பிடிக்க நேரம் கிடைக்கும்.

அப்புறம் அவள் பேச்சு மெதுவாக மாறியது.

“ஏனுங்க, அம்பு இப்ப ஆருகிட்ட இருக்குது?”

“எங்கிட்ட.”

“அப்ப நீங்களே ஒரு தட்டுத் தட்டிப்போடுங்க. ஈரோட்டுக்காரங்களுக்கு ரூம்பு இருக்குதுன்னு.”

தட்டினேன்.

“கொச்சிக்காரங்க காருக்கு எடம் இருக்குதான்னு கேக்கறாங்களாட்டங்குது.”

தட்டினேன்.

“வழி கேட்டாங்கன்னா பூப்பாறை முக்குல திரும்பச் சொல்லுங்க. நான் துணி காயப் போட்டுட்டு வர்றனுங்க.”

கொஞ்ச நாளில் அவள் வந்து உட்காருவதே நின்றுபோனது. வலது திரையும் என்னிடமே வந்து சேர்ந்தது. எல்லையைக் காக்கப் போய் பக்கத்து நாட்டையே பிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. பிடித்த நாட்டில் வேலை எவ்வளவு இருக்கும் என்று தெரியவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

“ஏனுங்க, இப்ப புக்கிங்கை ஆரு பாக்கறாங்க?”

“நான்தான். ஏன், சரியாத்தான பாக்கேன்?”

“ரொம்ப நல்லாப் பாக்கறீங்க. நானே அவ்வளவு நல்லாப் பாத்ததில்லீங்க.”

மகிழ்ந்துபோய் இன்னொரு கை சோறு வாங்கினேன்.

“அப்ப வர்ற திங்கக்கெழமை நான் ரிசார்ட்டுல சேர்ந்துக்கட்டுங்களா?”

 பூப்பாறைப் பக்கம் புதிதாக வந்த ஒரு ரிசார்ட்டில் முன்கூடத்து மேனேஜர் வேலைக்கு ஆள் தேடினார்கள். தமிழும் மலையாளமும் சரளமாக வர வேண்டும். அவள் வளர்ந்த ஊரில் இரண்டும் ஒரே மூச்சில் வரும். மழைக்கு முன்பே ஆசைப்பட்டுக் கேட்டாள். ‘நீ போயிட்டா வீட்டு புக்கிங்கை யாரு பாக்குறது?’ என்று ஒரே கேள்வியில் அமுக்கிவிட்டேன். அந்தக் கேள்விக்கு இப்போது வாயில் சோற்றோடு நானே பதிலாக உட்கார்ந்திருந்தேன்.

“சேர்ந்துக்கோ” என்றேன். வேறென்ன சொல்ல?

திங்கட்கிழமை நீலக்கரை போட்ட சேலை கட்டி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க அவள் கிளம்பியபோது, வாசலில் நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தாள். சொல்லியிருக்கலாம். ‘குடையை எடுத்துக்கிட்டியா?’ என்று மட்டும் கேட்டேன்.

பக்கத்து நாற்காலி காலியானது. அவள் உட்கார்ந்து வேலை செய்யும்போது நிலக்கடலையும் மறையூர் வெல்லமும் ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொறிப்பாள். கீபோர்டில் கடலைத் தோல் விழும். எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறேன்! இப்போது கீபோர்டு சுத்தமாக இருந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு பேனரில் ‘பெயர் சூட்டு விழா’ என்பதற்கு எந்த ‘ழா’ என்று சந்தேகம் வந்து, வாயைத் திறந்து “பொன்னு” என்று கூப்பிட்டுவிட்டேன். ஃபிரிட்ஜ்தான் உர்ரென்று பதில் சொன்னது.

ஜெஸ்னா கல்யாணம் நெருங்கியது. பேனரை அச்சுக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாள். இரண்டு பேர் படமும் வைத்தாகிவிட்டது. ஜெஸ்னா படத்துக்குக் கீழே அவள் பெயரும் படிப்பும். ஜின்சன் படத்துக்குக் கீழே அவர் பெயர். அதற்கடுத்து ‘மறையூர்’ என்று ஊர் போட எழுத்துப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தேன். நல்ல தடித்த மஞ்சள் எழுத்து.

அப்போது வலது திரையில் ஒரு செய்தி. மாடியில் தங்கியிருந்த திண்டுக்கல்காரர். ‘பாத்ரூம் ஹீட்டர் சூடாகவே இல்லை. என்ன ஹீட்டர் இது?’

மூன்று விரலால் அழுத்தி அம்பை வலது பக்கம் அனுப்பினேன். கீபோர்டை இழுத்தேன். இழுத்தபோது முழங்கை மவுஸில் இடித்தது. இடித்தால் என்ன, நடுவில்தான் சுவர் இருக்கிறதே என்ற தைரியம். நான் இரண்டே விரலில், கீயைப் பார்த்துப் பார்த்துத் தட்டுகிறவன். தலை நிமிராமல் பணிவாகத் தட்டினேன்:

‘கொஞ்சம் பழசுதான். சூடாக நேரம் ஆகும். இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க. நாளைக்கு வேற மாத்தித் தர்றோம்.’

தட்டி முடித்து நிமிர்ந்தேன். வலது திரையில் பதில் எழுதும் இடம் காலியாக இருந்தது. போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்குள் திண்டுக்கல்காரரே துண்டோடு மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார். ஓடிப்போய் அடுப்பில் வெந்நீர் வைத்து, வாளியில் சுமந்து மேலே கொண்டுபோனேன். திரும்பி வந்தபோது அச்சுக் கடையிலிருந்து ஃபோன், உடனே அனுப்பினால்தான் நாளைக்குள் கிடைக்குமாம். பேனர் முழுவதையும் சின்னதாகச் சுருக்கி ஒரு பார்வை பார்த்தேன். மாப்பிள்ளைக்குக் கீழே ஏதோ எழுத்து எறும்பு வரிசை போலத் தெரிந்தது. ஊர்ப் பெயர் போட்டாகிவிட்டது என்று அனுப்பிவிட்டேன்.

பொன்னாத்தாள் சாயங்காலம் வந்துவிடுவாள். அதுவரை அச்சுக் கடையில் தவணை கேட்டு, வந்ததும் அவளை ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கலாம். முன்பெல்லாம் அவள் பார்க்காமல் ஒரு பேனரும் எங்கள் வீட்டை விட்டு வெளியே போனதில்லை. அவள் பார்த்ததால்தான் அதுவரை ஒன்றிலும் பிழை வந்ததில்லை என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அச்சுக் கடைக்காரர் மலையாளி, தமிழ் வாசிக்கத் தெரியாது. துணியில் பளிச்சென்று அடித்து, கல்யாணத்தன்று விடியற்காலையில் தன் ஆளை வைத்தே சர்ச்சுக்கு முந்தின சாலை வளைவில் கட்டிவிட்டார். எல்லோர் கண்ணிலும் படும்படி, நல்ல உயரத்தில்.

நானும் பொன்னாத்தாளும் போய்ச் சேர்ந்தபோது மறையூர் வேன் வளைவில் நின்றிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் இறங்கி, தலையை அண்ணாந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜின்சன் படத்துக்குக் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார்.

“கொஞ்சம்... பழசுதான். சூடாக... நேரம் ஆகும். இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்க. நாளைக்கு... வேற மாத்தித் தர்றோம்.”



“எங்க பிள்ளைக்கு வயசு கூடன்னு சொன்னீங்கன்னு காதுல விழுந்துச்சு. பொறுத்துக்கிட்டோம்” என்றார் பெரியப்பா. “இப்போ போஸ்டர் அடிச்சு ஒட்டுதீங்களா? வேனைத் திருப்பு!”

சுவக்கீன் அண்ணன் கைகூப்பி ஓடி வந்தார். “ஐயோ, நாங்க எழுதலைய்யா! எங்களுக்கு ஒன்னும் தெரியாதுய்யா!”

கத்தரீனாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜின்சன் வெள்ளைக் கோட்டில் வேன் படியில் நின்றவர், மெல்லக் கையைத் தூக்கி முன்தலையைத் தடவிக்கொண்டார். அந்த ஒரு செய்கையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கொஞ்ச தூரத்தில் காரில் ஜெஸ்னா. வெள்ளை உடுப்பில் இருந்த அந்தப் பெண்ணின் முகமும் உடுப்பைப் போலவே வெளுத்திருந்தது.

“பொன்னு, அது ஹீட்டர்” என்று கிசுகிசுத்தேன்.

“என்னதுங்க?”

“நம்ம மாடி ஹீட்டர். திண்டுக்கல்காரருக்குத் தட்டுன பதில். எப்படியோ இங்க வந்து விழுந்திருச்சு. நான் போய்ச் சொல்லிருதேன்.”

அவள் பேனரைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“ஹீட்டருன்னு சொன்னா இந்த நேரத்துல ஆருங்க நம்புவாங்க? வாயைத் தொறக்காம வாங்க.”

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே போனாள். ரிசார்ட்டில் பழகிய குரல், கணீரென்று இருந்தது.

“பெரியப்பா, மன்னிச்சுக்கோங்க. அது மாப்பிள்ளையைப் பத்தி எழுதுனதே இல்லீங்க.”

“அப்போ யாரைப் பத்தி?”

“இதா, எங்க ஊட்டுக்காரரைப் பத்தி. நான் எங்க அக்காளுக்கு வெளையாட்டா எழுதி வெச்சிருந்தனுங்க. இவரு தெரியாத்தனமா அதைத் தூக்கிப் பேனர்ல போட்டுட்டாருங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். என் வழுக்கையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். பேனரை மறுபடி ஒரு தடவை வாசித்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

யாராவது ஒருவராவது சந்தேகப்படுவார்கள் என்று காத்திருந்தேன். ‘அக்காளுக்கு எதற்கு வேறு மாற்றித் தர வேண்டும்?’ என்றாவது கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. எழுத்துக்கு எழுத்து எனக்குப் பொருந்தியது போல எல்லோர் முகமும் தெளிந்தது.

முதலில் சிரித்தது ஜின்சன்தான். வேன் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் காருக்குள் ஜெஸ்னா. அப்புறம் வேன். அப்புறம் வளைவு முழுக்க.

“பாவம்யா நீரு” என்று பெரியப்பா என் தோளில் தட்டினார். “ஒரு நாள்தான பொறுத்துக்கச் சொல்லியிருக்கு. மனசை விடாதீரும்.”

பொன்னாத்தாள் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரியை எடுத்து அச்சுக் கடை ஆளிடம் கொடுத்து, மஞ்சள் எழுத்து இருந்த இடத்தை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னாள். மணி அடித்தது. கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. விருந்தில் எனக்கு மட்டும் பரிமாறுகிறவர்கள் வந்து வந்து, “சூடாத்தான் இருக்கு, சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இருவரும் சாயா குடித்தோம். அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மானம் போனதைப் பற்றிக்கூட அவ்வளவாக வருத்தமில்லை. ஜின்சன் கை முன்தலைக்குப் போனதுதான் கண்ணுக்குள்ளேயே நின்றது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அவள் கண் முன்னாலேயே சுவரை இடித்துவிடுவது என்று எழுந்தேன்.

“பொன்னு, இங்கன வா. உங்கிட்ட ஒன்னு மறைச்சுட்டேன்.”

வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு.

“கேபிள் லூசெல்லாம் இல்ல. நான்தான் ரெண்டு திரைக்கும் நடுவுல சுவர் வச்சேன். நீ என் பக்கம் வரக்கூடாதுன்னு. இந்தா பாரு, மவுஸால தள்ளினா அம்பு இங்கயே முட்டி...”

தள்ளினேன். அம்பு முட்டவில்லை. வெண்ணெய்யில் கத்தி போவது போல வழுக்கிக்கொண்டு வலது திரைக்குப் போனது. இந்தப் பக்கம் இழுத்தேன். வந்தது. மறுபடி தள்ளினேன். போனது.

“சுவரைக் காணோமே!”

“கேபிளு லூசுன்னு சொன்ன அன்னைக்கு நீங்க மாவு அரைக்கப் போனீங்கல்லங்க? அப்பவே செரி பண்ணிட்டனுங்க.”

“எப்படி?”

“அதுல எல்லாம் இங்கிலீஷ்லதானுங்க எழுதியிருக்குது. அம்பு தாண்டலாமான்னு ஒரு எடத்துல இருந்துச்சு. பக்கத்துல ‘நோ’ன்னு போட்டிருந்துச்சு. ‘எஸ்’னு மாத்துனேன்.”

“அப்புறம் எதுக்கு என்னைப் போட்டு ‘தாட்டி உடுங்க, தாட்டி உடுங்க’ன்னு...?”

“மூணு வெரலு வெச்சு நீங்க அமுத்தறப்ப மூஞ்சியில ஒரு சந்தோசம் வருமுங்க. அதை எதுக்குக் கெடுக்கோணும்னு உட்டுட்டனுங்க.”

அப்போதுதான் எனக்கு முழங்கை ஞாபகம் வந்தது. சுவர் இருந்திருந்தால் முழங்கை இடித்தும் அம்பு தாண்டியிருக்காது. தட்டியதெல்லாம் மாப்பிள்ளை காலடியில் போய் விழுந்திருக்காது. துள்ளி எழுந்தேன். எத்தனையோ வருடக் குடும்ப வாழ்க்கையில் முதல் தடவையாகக் குற்றம் அவள் பக்கம்!

“அப்போ பேனர் கெட்டதுக்குக் காரணம் நீதான்! நீ சுவரை எடுத்ததாலதான்!”

அவள் நிதானமாக டம்ளரைக் கீழே வைத்தாள்.

“சுவரு கட்டியிருக்கறேன்னு எங்கிட்டச் சொன்னீங்களாங்க?”

“...இல்ல.”

“கேபிளு லூசுன்னுதானுங்க சொன்னீங்க. ஊட்டுல எது லூசா இருந்தாலும் நாந்தானுங்க பாத்துக்கோணும்?”

நான்கு ‘ங்க’. உட்கார்ந்துவிட்டேன்.

 பிறகு, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொன்னேன்.

“நீ பக்கத்துல இல்லாம எனக்கு வேலையே ஓடல, பொன்னு. நீ வந்து எதை வேணா மாத்து. மயில் கழுத்து நிறமே வேண்டாம்.”

அவள் மேசை ஓரத்தைக் கையால் துடைத்தாள். தூசியே இல்லை.

“எனக்கும் அங்க பேச்சுத் துணைக்கு ஆளில்லீங்க” என்றாள். “ஞாயித்துக்கெழமை லீவுதான். அன்னைக்கு வந்து உக்காந்துக்கறேன்.”

வாரத்துக்கு ஒரு நாள். முன்பு தினமும் கிடைத்தது. நான்தான் சுவர் வைத்து அதை ஞாயிற்றுக்கிழமையாகச் சுருக்கினேன். இருந்தாலும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம், நான் உற்சாகமாக மேசை முன் உட்கார்ந்தேன். அவள் வந்து குனிந்து மவுஸைக் கழற்றினாள். வயரைச் சுருட்டிக் கைப்பைக்குள் போட்டாள்.

“ஏய், அதை எங்க கொண்டுபோற?”

“ரிசார்ட்டு மவுசு ரிப்பேருங்க. புதுசு வர்ற வரைக்கும் இது அங்க இருக்கட்டும்.”

“அப்போ இன்னிக்கு நான் என்ன செய்ய? அம்பு அசையாதே!”

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“அம்புக்குத்தானுங்க லீவு. மாடியில பெட்ஷீட்டு அத்தனையும் எடுத்துப் போட்டிருக்கறேன், தொவைச்சுக் காயப் போட்டுருங்க.”